18446744073709551615: இந்த இருபது இலக்கங்களுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "நிரல் எழுதிப் பழகும்போது, குறை எண்ணே ஏற்காத 64 பிட் மாறி ஒன்றில் −1 போட்டேன். அச்சிட்டுப் பார்த்தால் 18446744073709551615 வருகிறது. இந்த எண்ணுக்குக் கணிதத்தில் ஏதாவது விசேஷம் உண்டா, இல்லை வெறும் பெரிய எண்தானா?"

விசேஷம் உண்டு. பெரிய எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் எண்ணைப் படித்துவிடுவோம். நம் முறையில் காற்புள்ளி போட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. வாயால் சொல்ல வேண்டுமென்றால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதற்கு மேல் இன்னும் நாற்பத்து நான்கு லட்சம் கோடி சொச்சம்.

−1 எப்படி இதுவாக மாறியது? பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 00000 காட்டும்போது மீட்டரை ஒரு எண் பின்னால் நகர்த்தினால் 99999 வரும். கணினியின் மீட்டரில் 64 கட்டங்கள் (பிட்டுகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 மட்டுமே நிற்க முடியும். எல்லாம் 0 ஆக இருக்கும்போது ஒன்று பின்னால் போனால், 64 கட்டங்களிலும் 1 வந்து நிற்கும். அந்த 64 ஒன்றுகளைப் பத்தடிமான எண்ணாக மாற்றினால் கிடைப்பதுதான் நீங்கள் பார்த்தது. அதாவது 1 + 2 + 4 + 8 + ... என்று 64 உறுப்புகளின் கூட்டுத்தொகை. சுருக்கமாக 2⁶⁴ − 1.

64 கட்டம் என்றதும் சதுரங்கப் பலகை ஞாபகத்துக்கு வந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று பரிசு கேட்ட கதையைக் கேட்காதவர்கள் குறைவு. அரபு, பாரசீக நூல்களில் இது சதுரங்கத்தைக் கண்டுபிடித்த இந்திய அறிஞர் ஒருவரின் கதையாக வருகிறது. கேரளத்தில் அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்துக்கும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். கதையை விடுங்கள், கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், முதல் பத்துக் கட்டங்களுக்கு 1023 அரிசி. உள்ளங்கையில் அடங்கிவிடும். பாதிப் பலகை, அதாவது 32 கட்டங்கள் முடியும்போது 4294967295 அரிசி, சுமார் 86 டன். சில லாரிகளில் ஏற்றிவிடலாம், ராஜாவுக்கு அது பெரிய விஷயமில்லை. முழுப் பலகைக்கு சுமார் 36,900 கோடி டன். இன்று உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். ஆக, ஏறக்குறைய 700 ஆண்டு விளைச்சல்.

கதையில் எல்லோரும் இந்தப் பிரமாண்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் பாதிப் பலகையின் தொகையையும் முழுப் பலகையின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுத் தொகை பாதித் தொகையைப் போல் சரியாக 4294967297 மடங்கு. மீதியே இல்லை. பாதிப் பலகையில் 4294967295, அதை 4294967297-ஆல் பெருக்கினால் முழுப் பலகை. இந்த எண்ணைத் திறக்கும் சாவி இதுதான்.

பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) நினைவிருக்கும். 2⁶⁴ என்பது 2³² இன் வர்க்கம். அதனால் 2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1). இதில் 2³² − 1 மறுபடியும் அதேபோல உடையும்: (2¹⁶ − 1)(2¹⁶ + 1). அப்புறம் 2¹⁶ − 1 உடையும். 64 என்பது இரண்டின் ஆறாவது அடுக்கு என்பதால் இப்படி ஆறு முறை உடைக்கலாம். கடைசியில் கையில் நிற்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இருபது இலக்க எண் ஒன்றைக் கொடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னால் கையால் செய்வதற்கு ஒரு வாழ்நாள் போதாமல் போகலாம். இதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஐந்து நிமிடத்தில் ஆறு துண்டாக்கிவிடலாம். எண் பெரிதா சிறிதா என்பதைவிட அது எப்படிப் பிறந்தது என்பதுதான் அதைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சரிபார்க்க வேண்டுமா? கடைசி இலக்கம் 5, எனவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டுங்கள், 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஒன்பதால் வகுபடாது. ஆகவே எண்ணுக்குள் 3 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. 7-ஆல் வகுத்தால்? எண்ணைத் தொடவே வேண்டாம். 8-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 2⁶³ என்பது 8-ஐ 21 முறை பெருக்கியது, அதன் மீதியும் 1. இன்னொரு 2-ஆல் பெருக்கினால் 2⁶⁴ இன் மீதி 2. ஒன்றைக் கழித்தால் 1. சதுரங்கப் பலகை அரிசி முழுவதையும் ஏழு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரே ஒரு அரிசி மிஞ்சும். பதினேழு பேருக்குப் பங்கிட்டால் ஒன்றும் மிஞ்சாது. 36,900 கோடி டன்னில் ஒரு அரிசி மிஞ்சும் என்று தாளைத் தொடாமலே சொல்ல முடிவது, எத்தனை முறை செய்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இந்த எண்ணை உருவாக்குவதற்கும் 64 முறை இரட்டிக்கத் தேவையில்லை. 2-ஐ வர்க்கப்படுத்துங்கள், 4. அதை வர்க்கப்படுத்துங்கள், 16. பிறகு 256, 65536, 4294967296. ஆறாவது முறை வர்க்கப்படுத்தினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண். இப்படி அடுக்கைப் பாதி பாதியாகக் குறைத்து வர்க்கப்படுத்தும் வழி, பண்டைய இந்திய அறிஞர் பிங்கலரின் யாப்பு நூலான சந்த சூத்திரத்திலேயே இருக்கிறது. குறில் நெடில் போல லகு, குரு என்று இரு வகை அசைகளை வைத்து ஓர் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்பது அவருடைய கேள்வி. அசைகளின் எண்ணிக்கை 64 என்றால் விடை 2⁶⁴. கி.பி. 1000 வாக்கில் அல்-பிரூனி என்ற அறிஞர், காலக்கணக்குகளைப் பற்றிய தன் நூலில், சதுரங்கப் பலகைத் தொகையை இதே வர்க்க உத்தியால் கணக்கிட்டு இருபது இலக்கங்களையும் சரியாகக் கொடுத்திருக்கிறார். இன்று கணினிகள் பெரிய அடுக்குகளைக் கணக்கிடுவதும் இப்படித்தான்.

இப்போது அந்த ஆறு துண்டுகளுக்கு வருவோம். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். இவை ஒவ்வொன்றும் முந்தைய பட்டியலில் உள்ள 2, 4, 16, 256, 65536 ஆகியவற்றோடு ஒன்றைக் கூட்டியவை என்பதைக் கவனியுங்கள். பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா 1640-இல் இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இதில் வரும் எல்லா எண்களும் பகா எண்கள்தான் என்று நம்பினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஐந்து எண்கள் ஒத்துப்போயின. ஆறாவதுதான் நம் கடைசித் துண்டு, 4294967297. அது பகா எண்ணா இல்லையா என்பது சுமார் 90 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

1732-இல் கணிதவியலர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. அவர் குருட்டாம்போக்கில் வகுத்துக்கொண்டே போகவில்லை. இந்த எண்ணுக்குப் பகா காரணி என்று ஒன்று இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விழுந்துவிட்டது.

641 வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தலே இல்லாமல் பார்க்கலாம். நான் பார்த்தவற்றிலேயே அழகான சின்ன நிரூபணம் இது, ஒரு தாள் எடுத்து, கூடவே எழுதிப் பாருங்கள். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. மற்றொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதலாவது சொல்வது: 641-ஆல் வகுக்கும் கணக்கில் 5 × 2⁷ என்பதும் −1 என்பதும் ஒன்றுதான். இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1-க்குச் சமம். இரண்டாவது சொல்வது: 5⁴ என்பதும் −2⁴ என்பதும் ஒன்று. 5⁴ இருந்த இடத்தில் −2⁴ போடுங்கள். −2³² என்பது 1-க்குச் சமம். அப்படியானால் 2³² + 1 என்பது 0-க்குச் சமம், அதாவது 641-ஆல் மீதியின்றி வகுபடும். முடிந்தது.

மீதமிருக்கும் 6700417 பகா எண்தானா? பின்னாளில் பிரெஞ்சுக் கணிதவியலர் எடுவார் லூக்கா ஆய்லரின் நிபந்தனையை இன்னும் இறுக்கினார்: காரணி 64 அல்ல, 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரைக்கும் இந்த நிபந்தனைக்குப் பொருந்தும் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. வகுத்துப் பார்த்தால் மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் சுழியம் இல்லை. ஆகவே 6700417 பகா எண். ஏழு இலக்க எண்ணுக்கு ஐந்து வகுத்தல்களில் தீர்ப்பு! சாதாரணமாக என்றால் 2588 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்திருக்க வேண்டும்.

ஆக முழுப் பிரிப்பு:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒவ்வொரு வகுத்தியிலும் ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம். எனவே வகுத்திகளின் எண்ணிக்கை 2⁷ = 128.

இதில் ஃபெர்மாவின் தவறு விட்டுப்போன தழும்பு ஒன்றையும் காணலாம். 1-இலிருந்து நம் எண் வரை, அதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணினால், ஒவ்வொரு பகா காரணியிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும். 2, 4, 16, 256, 65536 ஐந்தையும் பெருக்கினால் 2³¹. 4294967297 பகா எண்ணாக இருந்திருந்தால் அதனிடமிருந்து 2³² கிடைத்து, விடை துல்லியமாக 2⁶³ ஆகியிருக்கும், அதாவது 2⁶⁴ இல் சரிபாதி. ஆனால் உண்மையில் கிடைப்பது 640 × 6700416 = 4288266240. 2³² ஐவிட 6701056 குறைவு. ஒரே ஒரு எண் உடைந்ததால் சரிபாதி என்ற அந்த ஒழுங்கும் உடைந்துபோகிறது.

அந்த முதல் ஐந்து பகா எண்களுக்கு வடிவியலில் ஒரு பெரிய வேலை இருக்கிறது. 1796 மார்ச் 30-ஆம் தேதி, இன்னும் 19 வயது நிரம்பாத ஜெர்மானியக் கணிதவியலர் காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்து வரைய முடியும் என்று கண்டார். கிரேக்கர்கள் காலத்திலிருந்து யாரும் நகர்த்தாத இடம் அது. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பலகோணம் வரையப்பட வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (ஃபெர்மாவின் அந்த வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கலாக இருக்க வேண்டும். வேறு எதற்கும் முடியாது என்பதை 1837-இல் வான்ட்செல் நிறுவினார். இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அந்த ஐந்துதான். எனவே அப்படி வரையக்கூடிய பலகோணங்களாக நமக்குத் தெரிந்தவை, பாதிப் பலகைத் தொகையான 4294967295-இன் வகுத்திகள், 1 நீங்கலாக: மொத்தம் 31. மூன்று பக்கத்தில் தொடங்கி 4294967295 பக்கத்தில் முடிகிறது. சதுரங்கப் பலகையின் பாதியில் குவிந்த அரிசிக்கும் கவராயத்தால் வரையும் பலகோணங்களுக்கும் இப்படி ஒரு உறவு இருக்குமென்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

அந்த 31 எண்களையும் வரிசையாகப் பெற இன்னொரு வழி உண்டு. பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள் (ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொரு எண்ணும் மேலிருக்கும் இரண்டின் கூட்டுத்தொகை; ஹலாயுதர் பத்தாம் நூற்றாண்டில் பிங்கலருக்கு எழுதிய உரையில் மேரு பிரஸ்தாரம் என்ற பெயரில் இருப்பது இதுதான்). ஒற்றைப்படை எண் வரும் இடத்தில் 1, இரட்டைப்படை எண் வரும் இடத்தில் 0 போடுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள். 1, 11, 101, 1111, 10001, 110011... அதாவது 1, 3, 5, 15, 17, 51, 85, 255, 257... உச்சியில் உள்ள 1-ஐ விட்டால், அடுத்த 31 வரிகளும் அந்த 31 பலகோணங்கள், ஏறுவரிசையில். அதற்கடுத்த வரி 4294967297. ஆய்லர் உடைத்த அதே எண்ணில் வந்து ஒழுங்கு நின்றுவிடுகிறது. உச்சி வரியை 0 என்று எண்ணத் தொடங்கினால், 63-ஆவது வரியில் 64 எண்களும் ஒற்றைப்படை. அந்த வரியைப் படித்தால் உங்கள் நிரல் அச்சிட்ட எண்.

கொஞ்சம் பக்கத்து வீடுகளையும் பார்த்துவிடலாம். பலகையில் ஒவ்வொரு கட்டமாக நிறுத்தி அதுவரையான தொகையைப் பார்த்தால், அது பகா எண்ணாக வருவது ஒன்பது இடங்களில் மட்டும்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 61. கடைசி 61-ஆவது கட்டம், தொகை 2305843009213693951. இது பகா எண் என்று 1883-இல் நிரூபித்தவர் இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இத்தகைய பகா எண்களுக்கு வெளியிட்ட பட்டியலில் இந்த 61 விடுபட்டுப் போயிருந்தது. அதே 1883-இல்தான் லூக்கா ஹனோய் கோபுரப் புதிரை வெளியிட்டார்: அடுக்கிய தட்டுகளை, சிறியதன்மேல் பெரியது வராமல், ஒவ்வொன்றாக ஒரு கம்பத்திலிருந்து மூன்று கம்பங்களில் இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் தட்டுகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், முடியும்போது உலகம் முடியும் என்று அதற்கு ஒரு கற்பனைக் கதையும் கட்டினார்கள். தேவைப்படும் நகர்த்தல்கள் சரியாக நம் எண்தான். நொடிக்கு ஒன்று என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைப் போல நாற்பது மடங்குக்கும் மேல்.

சோதித்துப் பார்க்க உட்காரும்போது ஒரு எச்சரிக்கை. எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாது, பின்னால் உள்ள ஐந்தையும் சுழியமாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாகப் போட்டால் 18446744073709552000 என்று காட்டும். பைத்தானில் 2**64-1 என்று போட்டால் இருபது இலக்கமும் சரியாக வரும்.

கடைசியாக, நிரல் எழுதுபவர் என்பதால் உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று. ஜார்ஜ் மர்சாலியா 2003-இல் வெளியிட்ட சமவாய்ப்பு எண் உருவாக்கி ஒன்று இருக்கிறது. 64 பிட் எண் ஒன்றை 13 இடம் இடப்பக்கம் நகர்த்திப் பழைய எண்ணோடு எக்ஸார் செய்ய வேண்டும் (இரு பிட்டுகள் வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0), பிறகு 7 இடம் வலப்பக்கம், பிறகு 17 இடம் இடப்பக்கம். மூன்று வரி நிரல். சுழியத்தைக் கொடுத்தால் சுழியத்திலேயே நிற்கும். வேறு எதைக் கொடுத்தாலும், சுழியம் நீங்கலாக உள்ள அத்தனை 64 பிட் எண்களையும் ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அந்தச் சுற்றின் நீளம் 18446744073709551615.

இதை ஓட்டிப் பார்த்து உறுதி செய்ய முடியாது. நொடிக்கு நூறு கோடி அடி வைத்தாலும் 584 ஆண்டுகள் ஆகும். ஆனால் ஓட்ட வேண்டியதில்லை. ஓர் அடியை ஓர் அணியாக (0, 1 கொண்ட எண் கட்டமாக) எழுதி, பிங்கலரின் வழியில் வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் எத்தனை கோடி அடியையும் சில பெருக்கல்களில் தாண்டலாம். முழு நீளம் தாண்டியதும் தொடங்கிய இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், முழு நீளத்தை அந்த ஏழு பகா எண்களால் தனித்தனியே வகுத்து, அந்த ஏழு தூரங்களில் எதிலும் முன்கூட்டியே வந்துவிடவில்லை என்று பார்க்க வேண்டும். எட்டே சோதனைகள். ஏழில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. 641-ஐ மறந்தால், சுற்று 641-இல் ஒரு பங்காகச் சுருங்கிப்போன உருவாக்கியும் மற்ற ஏழு சோதனைகளிலும் தேறிவிடும்.